4.7 விநாடியில் என்ன செய்யலாம்: வில்லனோவா, 2016

வில்லனோவா கூடைப்பந்து அணியின் டேனியல் ஒச்செஃபுவின் உயரம் 6 அடி 11 அங்குலம். தரை துடைப்பது அவர் வேலை இல்லை. ஆனாலும் 2016 ஏப்ரல் 4 இரவு, ஹூஸ்டன் என்ஆர்ஜி ஸ்டேடியத்தில் 74,340 பேர் பார்த்துக்கொண்டிருக்க, ஸ்கோர் 74-74, கடிகாரத்தில் மிச்சம் 4.7 விநாடி என்ற நிலையில், டைம் அவுட் முடிந்து வந்தவர் துடைக்க வந்த பையனிடமிருந்து மாப்பை வாங்கித் தானே தரையைத் துடைத்தார். அடுத்த சில நொடியில் கால் ஊன்றி நிற்கப்போகிற இடம் ஈரமாக இருந்தது. ஸ்கிரீன் போடப் போகிறவன், அதாவது எதிரணி ஆளின் வழியை உடம்பால் மறிக்கப் போகிறவன், வழுக்கி விழுந்தால் மொத்த ப்ளேயும் போச்சு.

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் அந்த இறுதி ஆட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் கிறிஸ் ஜென்கின்ஸ் கடைசியாகப் போட்ட த்ரீயை, அந்த மூன்று பாயின்ட் ஷாட்டைத்தான் சொல்வார்கள். பந்து காற்றில் இருக்கும்போதே பஸ்ஸர் அடித்தது, பலகையைச் சுற்றிச் சிவப்பு விளக்கு எரிந்தது, பந்து வலைக்குள் இறங்கியது. வில்லனோவா 77, நார்த் கரோலினா 74. "அதிர்ஷ்டம்" என்று அதைத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. என் கட்சி வேறு. அந்த ஷாட் உள்ளே போனதில் வேண்டுமானால் அதிர்ஷ்டம் இருக்கலாம். அந்த ஷாட் கிடைத்ததில் துளிகூட இல்லை. அதற்குச் சாட்சி அந்த மாப்.

முதலில் ஆட்டம். வில்லனோவா பிலடெல்ஃபியாவை ஒட்டிய கத்தோலிக்கப் பல்கலைக்கழகம். அந்த ஆண்டு சவுத் ரீஜனில் இரண்டாம் சீட், அதாவது தரவரிசையில் இரண்டாம் இடம். நார்த் கரோலினா ஈஸ்ட் ரீஜனில் முதல் சீட். அதன் கோச் ராய் வில்லியம்ஸின் அணி எப்போதும்போல உயரம், வேகம், உள்ளே போய் அடிக்கும் ஆட்டம். ஜே ரைட்டின் வில்லனோவா அதற்கு நேர் எதிர். ஒச்செஃபுவை விட்டால் பெரிய ஆள் என்று யாரும் இல்லை. வழக்கமாகப் பெரிய ஆள் நிற்கும் பவர் ஃபார்வேர்டு இடத்தில் நின்ற ஜென்கின்ஸ் 6 அடி 6 அங்குலம்தான்; அவரே அணியின் நல்ல த்ரீ ஷூட்டர்களில் ஒருவர். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேலைக்கு வரும்.

இப்படி இருக்க, முதல் பாதியில் தலைகீழாக நடந்தது. வெளியிலிருந்து அவ்வளவாகப் போடாத நார்த் கரோலினா, 9 த்ரீ முயற்சியில் 7 போட்டது. வில்லனோவா வேண்டுமென்றே விட்ட இடம் அது. உள்ளே கூட்டம் போட்டு அடைத்துவிட்டு, "வெளியிலிருந்து போட்டுக்கோ" என்று விட்டார்கள், அவர்களும் போட்டார்கள். இந்த இடத்தில் பல கோச்சுகள் பதறிப்போய்த் திட்டத்தை மாற்றுவார்கள். ரைட் மாற்றவில்லை. ஆட்டம் முடிந்தபோது கணக்கைப் பாருங்கள்: நார்த் கரோலினா த்ரீயில் 17-க்கு 11. ஆனால் மொத்த ஷாட் சுமார் 43 சதவீதம்தான். த்ரீ இவ்வளவு விழுந்தும் மொத்தம் 43 என்றால், அவர்களுடைய பலமான உட்பகுதியில் எவ்வளவு தவறவிட்டிருப்பார்கள்! வில்லனோவா மொத்தம் 58 சதவீதம். ரீபவுண்டில், அதாவது தவறிய ஷாட்டைப் பிடிப்பதில், நார்த் கரோலினா கை ஓங்கியிருந்தும் ஆட்டம் சமமாகப் போனதற்கு இதுதான் காரணம்.

பாதி ஆட்டம் முடியும் தறுவாயில் நடந்த ஒன்றை யாரும் சொல்வதில்லை. நார்த் கரோலினா 7 பாயின்ட் முன்னிலை. அவர்களின் ஜஸ்டின் ஜாக்சன் கூடையை ஒட்டிப் போய்ப் போடும் லே-அப்புக்குப் போகிறார். வில்லனோவாவின் ஜாஷ் ஹார்ட் துரத்தி வந்து ப்ளாக் செய்கிறார். பந்து மறுபக்கம் போய், ஃபில் பூத் பஸ்ஸரோடு ஒரு ஜம்ப் ஷாட் போடுகிறார். 41-32 ஆகியிருக்க வேண்டியது 39-34 ஆனது. நாலு பாயின்ட் வித்தியாசம். ஆட்டம் கடைசியில் மூன்று பாயின்டில் முடிந்தது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பூத் பெஞ்சிலிருந்து வந்தவர். அன்று 20 பாயின்ட், அணியிலேயே அதிகம்.

இரண்டாம் பாதியில் வில்லனோவா மெல்ல ஏறி, ஐந்து நிமிடத்துக்குச் சற்று மேல் மிச்சமிருக்கையில் 67-57. பத்து பாயின்ட். அதன்பின் நார்த் கரோலினாவின் மார்கஸ் பெய்ஜ் விடவில்லை. ஒரு த்ரீ. பிறகு தன் ஷாட் தவறி வந்ததைத் தானே பிடித்துப் போட்டு 72-71. அப்போது மிச்சம் 22 விநாடி. உடனே ஃபவுல் செய்தார்கள். ஹார்ட் 13 விநாடி இருக்கையில் இரண்டு ஃப்ரீ த்ரோவையும் போட்டார்: 74-71.

இங்கேதான் பழைய சண்டை ஒன்று. மூன்று பாயின்ட் முன்னிலை, எதிரணி கையில் பந்து. ஃபவுல் செய்து இரண்டு ஃப்ரீ த்ரோ கொடுத்துவிடலாமா, இல்லை த்ரீயைத் தடுத்து ஆடலாமா? 2008 இறுதி ஆட்டத்தில் மெம்ஃபிஸ் அணியால் ஃபவுல் செய்ய முடியாமல் போக, கேன்சஸின் மரியோ சால்மர்ஸ் 2.1 விநாடி இருக்கையில் த்ரீ போட்டுச் சமன் செய்தார்; ஓவர்டைமில் மெம்ஃபிஸ் 75-68 என்று தோற்றது. அதிலிருந்து "ஃபவுல் பண்ணு" கட்சிக்கு அதுதான் வேத வாக்கு. என்னைக் கேட்டால், 13 விநாடி என்பது ஃபவுலுக்குச் சீக்கிரம். இரண்டையும் போட்டுவிட்டுத் திருப்பி ஃபவுல் செய்வார்கள். ஃப்ரீ த்ரோ போட்டி நீளும். ஆறேழு விநாடிக்குக் கீழே, பந்து வைத்திருப்பவன் முதுகைக் காட்டியோ பந்தைத் தரையில் தட்டிக்கொண்டோ இருக்கும்போது ஃபவுல் செய்வது சரி. ஷாட் எடுக்கக் கை தூக்கியபின் தொட்டால் மூன்று ஃப்ரீ த்ரோ, அதைவிட மோசம்.

வில்லனோவா ஃபவுல் செய்யவில்லை. த்ரீயைத் தடுத்தே ஆடியது. நன்றாகவும் தடுத்தது. பெய்ஜ் குதித்தபோது எதிரே ஆள் பாய்ந்து வந்தார். பெய்ஜ் காற்றிலேயே பந்தை இறக்கி, அவர் கடந்து போகவிட்டு, மறுபடி ஏற்றி, உடம்பு கோணலாக இருக்கையில் எய்தார். விழுந்தது. 74-74. ஷாட்டாகப் பார்த்தால் இதுதான் அன்றைய இரவின் மிகக் கடினமான ஷாட். ஜென்கின்ஸ் போட்டதை அவர் பயிற்சியில் நூற்றுக்கணக்கில் போட்டிருப்பார்; பெய்ஜ் போட்டதை யாரும் பயிற்சி செய்ய மாட்டார்கள்.

மிச்சம் 4.7 விநாடி. வில்லனோவா டைம் அவுட்.

இப்போது விதிகள். இது தெரியாமல் அந்த ப்ளே புரியாது. அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் ஆட்டத்தில் டைம் அவுட் எடுத்தால் பந்து எங்கே இருந்ததோ அங்கிருந்துதான் தொடங்கும். தொழில்முறை லீகான என்பிஏ-யில்போலப் பந்தை எதிர்ப் பக்கத்துக்கு நகர்த்திக்கொள்ள முடியாது. ஆகவே வில்லனோவா தன் சொந்தக் கூடைக்குக் கீழே, பேஸ்லைன் என்கிற கடைக்கோட்டிலிருந்து பந்தை உள்ளே போட வேண்டும். மொத்த மைதானம் 94 அடி. ஆனால் கூடை விழுந்த பிறகு வரும் த்ரோ-இன் என்பதால், உள்ளே போடுகிறவர் பேஸ்லைன் முழுக்க ஓடலாம். டைம் அவுட் அந்த உரிமையை எடுத்துவிடாது. கடைசி நிமிடத்தில் கூடை விழுந்ததும் கடிகாரம் தானாக நின்றுவிடும். மீண்டும் அது ஓடத் தொடங்குவது பந்து கையை விட்டுப் போகும்போது இல்லை. உள்ளே ஒருவர் தொடும்போது.

4.7 விநாடி குறைவு என்று தோன்றும். கணக்குப் போடுவோம். அன்றைய கல்லூரி த்ரீ கோடு 20 அடி 9 அங்குலம். கூடை பேஸ்லைனிலிருந்து ஐந்தேகால் அடி உள்ளே. கழித்தால், இந்தப் பக்க பேஸ்லைனிலிருந்து எதிர்ப்பக்க த்ரீ வளைவின் உச்சிக்கு 68 அடி. பந்தை 15 அடி உள்ளே வாங்கினால் மிச்சம் சுமார் 53 அடி. நாலு விநாடியில் 53 அடி என்றால் விநாடிக்கு 13 அடி. பந்தை ஓட்டிப்போகும் ஆளான கல்லூரி கார்டு ஒருவருக்கு அது தலைதெறிக்க ஓடும் வேகமே இல்லை. தலை நிமிர்ந்து, பார்த்து, யோசித்து ஓடலாம். 1995-இல் மிசௌரிக்கு எதிராக யுசிஎல்ஏ-வின் டைஸ் எட்னி 4.8 விநாடியில் முழு மைதானமும் ஓடி லே-அப்பே போட்டு ஜெயித்தார். ஆக 4.7 என்பது ஒரு முழு ப்ளேக்கான நேரம். கண்ணை மூடிக்கொண்டு எறியும் நேரம் இல்லை. இது தெரிந்தவன் பதறமாட்டான்.

அந்த ப்ளேயின் பெயரே "நோவா". நாள்தோறும் பயிற்சியில் ஓடிப் பழகியது. டைம் அவுட்டில் பலகையில் புதிதாக ஒன்றும் வரையத் தேவைப்படவில்லை. ஜென்கின்ஸ் உள்ளே போடுவார். நாலாம் ஆண்டு கார்டு ரயன் ஆர்ச்சிடியாக்கனோ வாங்கி ஓடுவார். ஹார்ட்டும் பூத்தும் இரண்டு பக்கமும் முன்னால் பரவி ஓடித் தங்களைத் தடுக்கும் எதிரணிக் காவலர்களை இழுத்துக்கொண்டு போவார்கள். ஒச்செஃபு நடுக்கோட்டுப் பக்கம் ஸ்கிரீன். அதன்பின் முடிவு ஆர்ச்சிடியாக்கனோ கையில். வழி இருந்தால் தானே கூடைக்குப் போகலாம். பக்கத்து ஷூட்டர்களின் காவலர் உள்ளே வந்தால் அவர்களுக்குத் தரலாம். ஸ்கிரீன் போட்டவர் காலியானால் அவருக்கு. கடைசியாக, பின்னால் ஓடி வருகிற ஜென்கின்ஸ். அதாவது அந்தச் சரித்திர ஷாட் ப்ளேயின் வால் பகுதி.

வால் பகுதிதான் ஆபத்து. பந்தை உள்ளே போட்டவனை எல்லோரும் மறந்துவிடுவார்கள்; மனித இயல்பு அது. எல்லாக் கண்ணும் பந்து போகும் திசையில். அவன் கோட்டுக்கு வெளியே நின்றதால் காவலரும் அவனை ஒட்டி நிற்பதில்லை. நிறைய அணிகள் பாஸ் நன்றாகப் போடும், ஷாட் அவ்வளவாகப் போடாத ஒருவனை உள்ளே போட வைக்கும். ரைட் தன் ஷூட்டர்களில் ஒருவரை, அதுவும் ஃபார்வேர்டு இடத்தில் இருப்பவரை வைத்தார். எதிரணியில் அவரைக் காக்கும் வேலை உயரமான ஆளுக்குப் போகும். உயரமான ஆள் ஆபத்து என்றதும் தன் சுபாவப்படி கூடைப் பக்கம் பின்வாங்குவான். அன்று கடைசியில் ஜென்கின்ஸை நோக்கிக் கை நீட்டிப் பாய்ந்தவர் ஐசாயா ஹிக்ஸ். ஒரு கணம் பந்தைப் பார்த்துவிட்டார். ஒரு கணம்தான். கை போய்ச் சேரும் முன் பந்து கிளம்பிவிட்டது.

ஆர்ச்சிடியாக்கனோ ஷாட் எடுக்கிற மாதிரியே போனார். பின்னாலிருந்து ஜென்கின்ஸ் குரல் கொடுத்துக்கொண்டே வந்தார். கீழ்வாக்கில் ஒரு தள்ளு பாஸ், முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவே வந்து சேர்கிற மாதிரி. நாலு வருடக் கல்லூரி வாழ்வின் கடைசி ஆட்டம், கடைசி ஷாட், கையில் பந்து. அந்த நிலையில் பந்தைப் பின்னால் கொடுக்கிற மனசு எத்தனை பேருக்கு வரும்? இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருது 16 பாயின்ட் எடுத்த அவருக்குக் கொடுத்தார்கள். சரியான தீர்ப்பு.

ஜென்கின்ஸ் ஓடி வந்த வேகத்திலேயே ஒன்று-இரண்டு என்று கால் வைத்து ஏறினார். நின்று, பிடித்து, திரும்பி, சரிசெய்து என்று எதுவும் இல்லை. பின்னாலிருந்து கூடையை நோக்கி ஓடி வருகிறவனுக்கு உள்ள பெரிய வசதி இது: தோள் ஏற்கெனவே கூடையைப் பார்த்தபடி இருக்கும். பக்கவாட்டில் ஓடி வாங்குகிறவனுக்கு உடம்பைத் திருப்பவே அரை விநாடி போகும். எதிரணி பெஞ்சில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் நேட் பிரிட்டும் ஒருவர். ஜென்கின்ஸை வளர்த்த குடும்பத்தின் பிள்ளை, கிட்டத்தட்டக் கூடப்பிறந்தவர் மாதிரி. ரைட்டோ முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், நேரம் ஏதும் மிச்சம் இருக்குமோ என்ற யோசனையோடு, கை குலுக்க நடந்தார். நடுவர்கள் வீடியோ பார்த்து உறுதி செய்தார்கள்.

ஸ்டேடியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்கக் கால்பந்து மைதானத்துக்கு நடுவே மேடை கட்டி ஆடினால் கூடைக்குப் பின்னால் வெட்டவெளியாக இருக்கும், தூரம் கண்ணுக்குப் பிடிபடாது, ஷாட் விழாது என்று ஒரு நம்பிக்கை. 2011 இறுதி ஆட்டம் இதே கட்டடத்தில்தான் நடந்தது. பட்லர் அணி 64-க்கு 12 மட்டும் போட்டு 53-41 என்று கனெக்டிகட்டிடம் தோற்றது. அதை வைத்துக் கட்டடத்தின் மேல் பழி போட்டார்கள். 2016 அரையிறுதியில் வில்லனோவா அதே இடத்தில் 71.4 சதவீதம் போட்டு ஓக்லஹோமாவை 95-51 என்று நசுக்கியது; 44 பாயின்ட், ஃபைனல் ஃபோர் எனப்படும் கடைசி நால்வர் சுற்றின் வரலாற்றிலேயே பெரிய வித்தியாசம். அதே ஓக்லஹோமாவிடம் டிசம்பரில் பேர்ல் ஹார்பரில் 78-55 என்று தோற்றபோது வில்லனோவா த்ரீயில் 32-க்கு 4. கட்டடத்தைவிட எந்த மாதிரி ஷாட் எடுக்கிறோம் என்பதுதான் முக்கியம் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

வில்லனோவாவுக்கு இது முதல் கோப்பையும் இல்லை. 1985-இல் எட்டாம் சீட்டாக வந்து, பேட்ரிக் யூயிங் ஆடிய ஜார்ஜ்டவுனை 66-64 என்று வென்றார்கள். அன்று 28 ஷாட்டில் 22 விழுந்தது. 2018-இல் மிஷிகனை 79-62 என்று வென்று ரைட் இன்னொன்றும் எடுத்தார். 2016 அணியில் இருந்த ஜேலன் பிரன்சன், ஹார்ட், மிக்கல் பிரிட்ஜஸ் மூவரும் பிற்பாடு நியூயார்க் நிக்ஸில் ஒன்றுசேர்ந்தார்கள்.

சரி, நம் ஊர்க் கல்லூரி அணி இதை ஓட முடியுமா? தாராளமாக. இங்கே ஆடுவது சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதி என்பதால் ஒன்றிரண்டு மாறும். நாலாம் குவார்ட்டரின் கடைசி இரண்டு நிமிடத்தில் டைம் அவுட் எடுத்தால் பந்தை எதிர்ப் பக்கத்துக்குக் கொண்டுபோய்ப் போடலாம், அல்லது சொந்த பேஸ்லைனிலேயே வைத்துக்கொள்ளலாம், கோச்சின் விருப்பம். மூன்று விநாடிக்குக் கீழே என்றால் யோசிக்காமல் முன்னால் கொண்டுபோங்கள். ஐந்து விநாடிக்கு மேல் இருந்து, கையில் வேகமான கார்டும் இருந்தால் பின்னாலிருந்து ஓடுவதே எனக்குப் பிடிக்கும். எதிரணி மைதானம் முழுக்கப் பரவ வேண்டியிருக்கும். டைம் அவுட்டே மிச்சம் இல்லாதபோது இது ஒன்றுதான் வழி. த்ரீ கோடு 6.75 மீட்டர், மைதானம் 28 மீட்டர். பேஸ்லைனிலிருந்து எதிர் வளைவின் உச்சிக்கு 19.7 மீட்டர் வரும். அமெரிக்கக் கணக்கைவிட ஒரு மீட்டர் குறைவு.

பழகும்போது கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே இடங்களில்தான். ஸ்கிரீன் போடுகிறவர் முன்கூட்டியே வந்து நின்றுவிடுவார்; காவலர் பார்த்துச் சுற்றிப் போய்விடுவார். தாமதமாக வந்தாலோ நகர்ந்துகொண்டே இடிப்பார், ஃபவுல். ஓடுகிற காவலருக்கு ஒன்றிரண்டு எட்டு இடம் விட்டு, இரண்டு காலும் ஊன்றி நிற்க வேண்டும். மூலைக்கு ஓடியவர்கள் பந்து தங்களிடம் வரவில்லையே என்று நடுவே வருவார்கள். வரக்கூடாது; அவர்கள் கூடவே அவர்களின் காவலரும் வருவான், நடுவே கூட்டம் சேரும். மூலையிலேயே கை தயாராக நிற்பதுதான் அவர்கள் வேலை.

பின்னால் வருகிறவர் விஷயம் இன்னும் நுணுக்கம். பந்தை உள்ளே போட்டதும் நின்று வேடிக்கை பார்ப்பதுதான் வழக்கம். போட்ட கையோடு ஓட வேண்டும். கார்டுக்கு மூன்று நாலு எட்டு பின்னால், நேர் பின்னால் இல்லாமல் ஒரு பக்கமாகத் தள்ளி. மிகவும் ஒட்டி ஓடினால் ஒரே காவலர் இருவரையும் பார்த்துக்கொள்வார். குரல் கட்டாயம். முன்னால் போகிறவனுக்கு முதுகில் கண் இல்லை.

கார்டுக்கு ஒரே பாடம்: இரண்டு விநாடி மிச்சம் இருக்கையில் முடிவு எடுத்தாக வேண்டும். ஒரு விநாடியில் பாஸ் கொடுத்தால் வாங்குகிறவன் அவசரத்தில் இடுப்பிலிருந்து எறிவான். இதைக் காதால் பழக்க வேண்டும். ஒருவர் பக்கத்தில் நின்று "மூணு, ரெண்டு, ஒண்ணு" என்று சத்தமாக எண்ணட்டும். பிறகு எண்ணாமல் ஓடட்டும். ஸ்கோர் சமமாக இருக்கும் நிலையிலும் ஒன்று பின்தங்கிய நிலையிலும் மாற்றி மாற்றி ஓடுங்கள். பின்தங்கியிருந்தால் ஃபவுலைத் தேடிக் கூடைக்குப் போவது முதல் வழி ஆகிவிடும்.

கடைசியாகக் கடிகாரம். பயிற்சியில் விசில் ஊதியதும் ஸ்டாப்வாட்சை அழுத்துகிறார்கள், அது தப்பு. உள்ளே ஆள் தொட்டதும்தான் அழுத்த வேண்டும். இல்லையென்றால் பையன்களுக்கு ஒரு விநாடி குறைவாகவே பழகும், மேட்சில் அவசரப்பட்டு நடுக்கோட்டிலிருந்தே எறிவார்கள். எதிரணி நெருங்கி வந்து தடுக்கவில்லை என்றால் பந்தைத் தரையில் உருட்டிவிடலாம். கார்டு அதன்கூடவே ஓடி, முடிந்தவரை தொடாமல் போய்ப் பிறகு எடுப்பான், அதுவரை கடிகாரம் ஓடாது. எதிரணி ஆள் பக்கத்தில் இருந்தால் மட்டும் இந்த விளையாட்டு வேண்டாம்.

உள்ளூர்ப் போட்டிகளில் பலகையைச் சுற்றி விளக்கு இருக்காது, வீடியோவும் இருக்காது. பஸ்ஸர் சத்தத்தை வைத்துத்தான் நடுவர் தீர்ப்பு. ஆகவே கடைசி அரை விநாடியை நம்பாதீர்கள். ஐந்து விநாடி ப்ளே என்றால் நாலரையில் பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும். ஆட்டத்துக்கு முன்னால் மேசைக்குப் போய்ப் பஸ்ஸரை ஒருமுறை அடிக்கச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். தரை ஈரமாக இருந்தால் துடைக்கத் துணியும் கையில் இருக்கட்டும்.